பாலைவனத்தில் உழுத சால்



உழவு என்றதும் விதைப்பும் அறுப்பும் நம் நினைவுக்கு வரும். ஒரு விதையும் விதைக்கும் எண்ணமின்றி, மழை என்பதே அரிதான ஒரு பாலைவனத்தை முன்னொரு காலத்தில் டிராக்டரில் கலப்பை பூட்டி உழுதிருக்கிறார்கள். வானத்தில் பறக்கும் விமானிக்கு வழி தெரிய வேண்டும் என்பதே அந்த உழவின் நோக்கம். எங்கள் மதரஸாவில் வரலாறு படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, பின் வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, “உஸ்தாத், வானத்திலே போறவங்களுக்குத் தரையிலே எதுக்குக் கோடு?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குரிய விடையில் பாதியை நான் புத்தகத்திலிருந்து பெற்றேன். மறு பாதியை என் காக்காவின் லாரியில் பெற்றேன். முதலில் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்து, உதுமானிய அரசின் அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. 1921 மார்ச் மாதம் கெய்ரோவில் ஒரு மாநாடு கூடியது. அன்றைய பிரிட்டிஷ் காலனி அமைச்சர் சர்ச்சில் அதனை நடத்தினார். ஈராக்கில் தரைப்படையைக் குறைத்து, வான்படையைக் கொண்டு அந்நாட்டைக் கட்டுக்குள் வைத்திருப்பது என்று அங்கே முடிவாயிற்று. அப்படியானால் எகிப்துக்கும் பக்தாதுக்கும் இடையே விமானங்கள் தடையின்றிப் போய்வர வேண்டும். இடையிலே கிடப்பதோ சிரியப் பாலைவனம். அம்மானிலிருந்து பக்தாதுக்கு ஏறத்தாழ ஐந்நூறு மைல். வழிகாட்டியாகக் கொள்ள ஊரும் இல்லை, இரயில் பாதையும் இல்லை, நடுவழியில் ஆறும் இல்லை. திசைகாட்டிக் கருவி இருந்தது, உண்மைதான். ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும்போது திசைகாட்டி மட்டும் என்ன செய்துவிடும்?

அந்நாளைய விமானங்களை எண்ணிப் பாருங்கள். டி.எச். 9ஏ என்று ஒரு வகை. இருவர் மட்டுமே அமரக்கூடிய, மேலே கூரையற்ற, ஒற்றை எஞ்சின் விமானம். எஞ்சினோ தண்ணீரால் குளிரூட்டப்படுவது. பாலைவன வெயிலுக்கு ஒரு ரேடியேட்டர் போதாதென்று கூடுதலாக இன்னொன்றைப் பொருத்தினார்கள். உடம்பின் பக்கவாட்டில் ஒரு மாற்றுச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பறந்தது அந்த விமானம்! நம் ஊர்ப் பேருந்தின் கூரையில் மாற்றுச் சக்கரம் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆகாயத்தில் பறப்பதும் அப்படிச் சென்ற காலம் அது.

இந்தச் சிறு விமானங்களுக்கு வழி அமைக்கும் வேலை தரையில் போகிறவர்களிடம் வந்தது. 1921ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு கூட்டம் அம்மானிலிருந்து கிழக்கு நோக்கியும், இன்னொரு கூட்டம் ஈராக்கிலிருந்து மேற்கு நோக்கியும் புறப்பட்டது. ரோல்ஸ் ராய்ஸ் கவச மோட்டார்களும், கிராஸ்லி என்னும் இலகு லாரிகளும் அவர்களிடம் இருந்தன. இரு கூட்டமும் பாலைவனத்தின் நடுவே, அல்ஜித் என்னும் நீர்நிலைப் பக்கம் சந்தித்தன. வண்டிகள் போன சக்கரத் தடமே விமானிகளுக்குப் பாதையாயிற்று. மேலே இருந்து பார்த்தால், வண்டல் படிந்த சமதரையில் அந்தத் தடம் நன்றாகத் தெரிந்தது. தரை இறுகிக் கிடந்த இடங்களில் சக்கரம் பதியவில்லை. அங்கேதான் கலப்பை வந்தது. தடம் மறையும் இடங்களில் டிராக்டரால் சால் உழுது கோட்டைத் தொடர்ந்தார்கள்.

சில பத்து மைல்களுக்கு ஒன்றாக விமானம் இறங்கும் களங்களையும் குறித்தார்கள். தரையில் பெரிய வட்டம் ஒன்று; அதனுள்ளே ஓர் அடையாளம். அம்மான் பக்கத்துக் களங்களுக்கு ஆங்கில எழுத்துகள், ஈராக் பக்கத்துக் களங்களுக்கு ரோமானிய எண்கள். விமானி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போவார். அலிஃப், பே, தே என்று சிறு பிள்ளை விரல் வைத்துப் படிப்பது போலத்தான்.

ஜோர்தானின் கிழக்கே ஒரு பெரும்பரப்பு முழுவதும் எரிமலை கக்கிய கருங்கல் பரவிக் கிடக்கிறது. அந்த இடத்தில்தான் தரைக்கூட்டத்தார் மிகவும் பாடுபட்டனர். கல்லை அகற்றித்தான் வண்டிக்கு வழியும், விமானத்துக்குக் களமும் உண்டாக்க முடிந்தது. டயர்கள் கிழிந்தன. ஆனால் அதே கருங்கல் வெளியின் மேலே பறந்த விமானிகள், தரையில் போனவர் கண்ணுக்குப் படாத ஒன்றைக் கண்டார்கள். மிகப் பெரிய பரப்பில், கல்லை வரிசை வரிசையாக அடுக்கி, காற்றாடியும் அதன் வாலும் போன்ற வடிவில் அமைக்கப்பட்ட சுவர்கள்! தரையில் நின்று பார்த்தால் அது குட்டையான கற்குவியல் மட்டுமே. பெர்சி மைட்லண்ட் என்ற விமானி 1927இல் ஓர் ஆய்விதழில் இவற்றைப் பற்றி எழுதினார். அவை முன்னோர் செய்த வேலை என்று பதூவிகள் சொன்னதாகக் குறிப்பிட்டார். வேட்டை விலங்குகளை விரட்டி வந்து அடைப்பதற்காகப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டவை என்று அறிஞர்கள் இன்று கருதுகின்றனர். வழிதேடி மேலே போனவர்களுக்கு இப்படி ஒரு கொடை கிடைத்தது.

இந்த ஏற்பாட்டை நான் வெறுமனே வியந்து போற்றுவதாக நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். சால் உழப்பட்டது ஈராக்கியரின் நலனுக்காக அன்று. அந்த வழியே போன அதே வான்படைதான் 1920களில் ஈராக்கின் கிராமங்கள் மீது குண்டு வீசியது. வரி கட்ட மறுத்தவர்கள் மீதும் வீசியது. நான் சொல்ல வந்தது வேறொன்றைப் பற்றி. பறப்பவனுக்கும் ஊர்பவனுக்கும் இடையே இருந்த உறவைப் பற்றி.

விமானங்கள் கூடுமானவரை தனியே பறக்கவில்லை. ஒன்று பழுதாகி இறங்கினால் மற்றொன்று அருகே இறங்கிப் பார்க்கும். அல்லது செய்தி கொண்டுபோகும். அப்புறம் மோட்டார்கள் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும். ஆகவே, தடத்தை விட்டு விலகாதிருப்பதே விமானியின் உயிருக்குக் காவல். கோடு கண்ணில் இருக்கும்வரை, எங்கே விழுந்தாலும் தேடி வருவதற்கு ஒருவர் இருக்கிறார். அந்தச் சிறுவனின் கேள்விக்கு நான் வகுப்பில் சொன்ன விடை இதுதான்.

பின்னர் அந்தப் பாலைவனம் பொது மக்களின் வழியுமாயிற்று. நார்மன் நெய்ர்ன், ஜெரால்டு நெய்ர்ன் என்று நியூசிலாந்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள் 1923 அக்டோபரில் டமாஸ்கஸுக்கும் பக்தாதுக்கும் இடையே மோட்டார் போக்குவரத்தைத் தொடங்கினார்கள். ஒட்டகத்தில் வாரக்கணக்கில் போன தூரம் சில நாட்களுக்குள் அடங்கிற்று. தபாலும் வணிகரும் அதில் போனார்கள். ஜியாரத்துக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்களும் போனார்கள். நடுவழியில் ருத்பா என்னும் கிணற்றடியில் 1920களின் பிற்பகுதியில் ஒரு கோட்டை எழுந்தது. 1927 ஜனவரியில் வான்படையிடமிருந்து இந்த வழியை இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பயணிகள் விமான நிறுவனம் ஏற்றபோது, அதன் விமானங்களும் ருத்பாவில்தான் இறங்கின. வானத்திலிருந்து இறங்கியவரும், புழுதி படிந்த மோட்டாரிலிருந்து இறங்கியவரும் அந்த ஒரே கோட்டைக்குள் பசியாறினார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் ருத்பாதான்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1929 மார்ச் இறுதியில் அந்த விமான வழி கராச்சி வரை நீண்டது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா ‘புஸ் மாத்’ என்னும் சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அகமதாபாத்தில் அந்த விமானத்துக்குப் பெட்ரோல் தகரங்கள் எதில் வந்தன தெரியுமா? மாட்டு வண்டியில்! சீமையிலிருந்து ஒரு கடிதம் ருத்பாவைத் தாண்டிச் சென்னைக்கு வந்து சேர, பறந்தவர்களோடு மாடுகளும் உழைத்திருக்கின்றன.

இனி என் காக்காவைப் பற்றி.

எங்கள் வாப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். நாங்கள் மூவர். மூத்தவர் லாத்தா, அடுத்தவர் காக்கா, கடைசியில் நான். காக்காவுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு உப்பு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். பின்னர் டிரைவர் ஆனார். வளைகுடாப் போர் ஓய்ந்தபின் 1992இல் சவூதிக்குப் போனார். நான் வரலாற்றில் பி.ஏ. படித்தது 1998 முதல் 2001 வரை. கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு, நான் வாங்கிய புத்தகம், எல்லாமே டிராஃப்டாக வந்த காக்காவின் சம்பளம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான் என்று ஊரில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அவர் ஓட்டிய வழி தம்மாமில் தொடங்கும். ஹஃபர் அல் பாத்தின், ரஃப்ஹா, அர்அர், துரைஃப் எனச் சவூதியின் வடக்கு எல்லையை ஒட்டி மேற்கே சென்று, குரைய்யாத்தைக் கடந்து ஜோர்தான் எல்லையைத் தொடும். அர்அர் வரைக்குமே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். அந்தச் சாலையும் ஒரு கோட்டைப் பின்பற்றிப் பிறந்ததுதான். கிழக்குச் சவூதியின் எண்ணெயை மத்தியதரைக் கடற்கரையில் உள்ள சைதா துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் ‘டாப்லைன்’ குழாய் 1950இல் முடிந்தது. குழாயை ஒட்டிப் போட்ட பாதையே பின்னர் பெருஞ்சாலையாயிற்று. எண்ணெயைத் தள்ளும் நிலையங்கள் இருந்த இடங்களே ரஃப்ஹா, அர்அர், துரைஃப் எனும் ஊர்களாயின. இன்று அதில் எண்ணெய் ஓடுவதில்லை. லாரிகள் ஓடுகின்றன.

ரஃப்ஹாவின் அருகே இந்தச் சாலையை இன்னொரு பழம் பாதை குறுக்கே வெட்டுகிறது. கூஃபாவிலிருந்து மக்காவுக்கு ஹாஜிகள் சென்ற வழி அது. கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களின் துணைவியார் ஜுபைதா அம்மையார் அந்த வழியில் கிணறும் நீர்த்தேக்கமும் அமைத்ததால், ‘தர்பு ஜுபைதா’ என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. இப்னு பதூதா 1326இல் அந்த வழியே ஈராக் சென்றார். “அந்தப் பக்கம் பழைய தொட்டி எல்லாம் கிடக்கும் தம்பி, நான் பார்த்திருக்கேன்” என்று காக்கா பல ஆண்டுகளுக்கு முன்பே சொன்னார். வரலாறு படித்த நான் அப்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு நிகழ்ச்சியை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். 2018இல் லாத்தா மகளின் நிக்காஹ். காக்கா விடுமுறையில் வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு எங்களை அறிமுகம் செய்தார்கள். “இவர் பி.ஏ. படிச்சவர், மதரஸாவிலே உஸ்தாத்” என்று என்னைச் சொன்னார்கள். “அவர் சவூதியிலே டிரைவர்” என்று காக்காவைச் சொன்னார்கள். பெரியவர் என்னருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார். காக்கா சற்று நேரம் நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு சஹன் தூக்கப் போய்விட்டார். ‘என்னைப் படிக்க வைத்தவர் இவர்தான்’ என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை. காக்கா இந்த இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பவர். அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2023 ஜனவரியில் அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு உம்ராச் செய்யும் பாக்கியம் கிடைத்தது. காக்காவுக்கு அதுவே சவூதியில் கடைசி ஆண்டு. சர்க்கரையும் இடுப்பு வலியும் அவரைப் படுத்திக்கொண்டிருந்தன. உம்ராவுக்கு வருகிறவர்கள் நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் போகலாம் என்ற வசதி அப்போது வந்திருந்தது. தொலைபேசியில், “தம்பி, ஒரே ஒரு தடவை என் வழியைப் பார்த்துட்டுப் போ” என்றார். தம் அரபி முதலாளியிடம் என்னை ஏற்றிக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டார். அவர் தம்மாமில் சரக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டு அர்அர் வருவார். நான் ரியாதிலிருந்து விமானத்தில் அர்அர் போய் இறங்குவேன். அங்கிருந்து குரைய்யாத் வரை இருவரும் லாரியில் போவோம். இதுதான் ஏற்பாடு.

நான் ஜித்தாவுக்கு வந்த விமானத்தோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்தது. இறங்குவதற்கு முன் சாளரத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். வெளிறிய தரை, அதன் மேல் அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு. கோட்டின் மேல் அரிசி மணி போல லாரிகள். அவை நகர்வதாகவே தெரியவில்லை. அவற்றில் ஒன்று என் காக்காவாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தேன். எந்தப் பக்கத்து இருக்கையில் பலகாரம் கொடுக்கிறார்கள் என்று அடுத்த நிமிடமே கவனம் திரும்பிவிட்டது. மனித மனம் அப்படித்தான்.

அர்அரில் குளிர் எலும்பைக் குடைந்தது. அரபு நாடென்றால் வெயில் என்று எண்ணி, மெல்லிய ஆடையோடு போயிருந்தேன். தேநீர்க் கடை ஒன்றில் நான்கு மணி நேரம் காத்திருந்தேன். மஃரிபுக்குச் சற்று முன் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று வந்து நின்றது. இறங்கி வந்த காக்கா ஸலாம் சொல்லுமுன், தாம் போட்டிருந்த ஆட்டுத்தோல் ஃபர்வாவைக் கழற்றி என் தோளில் போட்டார். “சின்னப் பிள்ளையிலேயும் நீ ஸ்வெட்டர் போட மாட்டே” என்றார்.

லாரியின் முன்கூண்டு ஒரு சிறு வீடு. முஸல்லா, கெட்டில், சிறிய கேஸ் அடுப்பு, உம்மா செய்து அனுப்பிய மாசிச் சம்பல் புட்டி. இருக்கைக்குப் பின்னே படுக்கை. முப்பது ஆண்டுகளில் அவர் இங்கே உறங்கிய இரவுகள், ஊரில் தம் வீட்டில் உறங்கிய இரவுகளைவிட மிகுதி. இரவில் அவர் வேகம் கூட்டவே இல்லை. “ஒட்டகம் ஹாரனுக்கு ஒதுங்காது தம்பி. விளக்கு வெளிச்சத்திலே கால் மட்டும் தெரியும். அடிச்சா உடம்பு கண்ணாடி வழியா உள்ளே வந்துரும்.” காற்றில் மணல் சாலைக்கு வந்தால் எப்படிக் கடப்பது, டயரின் சூட்டைக் கையால் எப்படி அறிவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒரு மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

துரைஃபுக்கு முன்னால், ஊரும் விளக்கும் இல்லாத ஓரிடத்தில் லாரியை ஓரங்கட்டினார். அபாய விளக்கைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். நானும் இறங்கினேன். “வாப்பாவுக்கு இங்கேதான் தொழுதேன்” என்றார்.

வாப்பா வஃபாத்தானது 2000ஆம் ஆண்டு. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காக்காவுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று அவர் தங்குமிடத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் சரக்கோடு கிளம்பிவிட்டிருந்தார். டிரைவர்களிடம் செல்பேசி இல்லாத காலம். மூன்றாம் நாள் துரைஃபில் ஒரு தொலைபேசிக் கூண்டிலிருந்து வழக்கம்போல் வீட்டுக்குப் பேசியபோது உம்மாவின் அழுகையில் அறிந்துகொண்டார். சரக்கை நடுவழியில் விட்டுவிட்டு வர முடியாது. வந்தாலும் மையித்து இல்லை. எல்லையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது இந்த இடத்தில் நிறுத்தி, காயிப் ஜனாஸாத் தொழுகை நடத்தியிருக்கிறார். அந்த வழியே வந்த பாகிஸ்தான் டிரைவர் ஒருவர் என்னவென்று விசாரித்தாராம். ஹனஃபி மத்ஹபில் காயிப் ஜனாஸா இல்லை. ஆனாலும் அவர் ஒன்றும் பேசாமல் உளூச் செய்துவிட்டு வந்து பின்னால் நின்றாராம். ஆடு மேய்த்த பதூவி ஒருவரும் சேர்ந்துகொண்டாராம். மூன்று பேர்.

இதையெல்லாம் இருபத்து மூன்று ஆண்டுகளாக நான் அறியேன். காக்கா கேட்டார்: “அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு யாரும் முழுசாச் சொன்னதில்லை. உம்மாகிட்டே கேட்டா அழுதுரும். லாத்தா பெண்பிள்ளை, மையவாடிக்குப் போகலை. நீ சொல்லு.”

அதற்காகத்தான் என்னை அவ்வளவு தூரம் வரச் சொல்லியிருக்கிறார்.

லாரியில் ஏறினோம். துரைஃப் வரும்வரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஃபஜ்ருக்கு முன் வாப்பா தண்ணீர் கேட்டது. யாஸீன் ஓதியது யார். குளிப்பாட்டியவர்கள் யார் யார். நான் கால் பக்கம் நின்று தண்ணீர் ஊற்றியது. கஃபனுக்கு வாங்கிய துணி எந்தக் கடையில். சந்தூக்கைத் தூக்கும்போது தூறல் விழுந்தது. மையவாடியில் வேம்புக்கு வடக்கே எத்தனையாவது கப்ர். குழிக்குள் இறங்கிய இருவரில் நானும் ஒருவன் என்பது. காக்கா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவே ஒரே ஒரு கேள்வி கேட்டார். “முகத்தை கிப்லாப் பக்கம் திருப்பினது நீயா?” “ஆமா காக்கா, நான்தான்.” “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அப்புறம் வெகு நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

துரைஃபில் தூங்கி, ஃபஜ்ருத் தொழுது புறப்பட்டோம். விடிந்தபோது சாலையின் தென்பக்கம் எங்கும் கருங்கல். ஜோர்தானிலிருந்து தொடர்ந்து வரும் அதே எரிமலைக் கல் வெளி. ‘ஹர்ரா’ என்பார்கள். “எல்லைக்கு அந்தப் பக்கம் வடக்கே, ஏரோப்ளேனுக்கு வழி காட்ட வெள்ளைக்காரன் கலப்பை போட்டு உழுதானாம். ஜோர்தான் டிரைவர் ஒரு கிழவர் சொன்னார். கதையா நிசமான்னு தெரியலை, நீதான் ஹிஸ்டரி படிச்சவனாச்சே” என்றார் காக்கா. மூன்றாண்டு வரலாறு படித்த எனக்கு அது தெரியவில்லை. ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். மேலே நான் எழுதியவை யாவும் அந்தக் கேள்வியால் விளைந்தவை.

குரைய்யாத் விமான நிலையத்தில் என்னை இறக்கிவிட்டார். மாசிச் சம்பலில் பாதியைப் பொதிந்து கையில் தந்தார். ஃபர்வாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்; வாங்க மறுத்துவிட்டார். விமானம் மேலே எழுந்தபோது கருங்கல் வெளி முழுவதும் கீழே விரிந்தது. அந்தப் பழங்காலச் சுவர்களைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் தேடியிருப்பேன். நான் தேடியது காக்காவின் லாரியை. கோடு தெரிந்தது. லாரி தெரியவில்லை.

அவ்வாண்டு இறுதியில் காக்கா ஊரோடு வந்துவிட்டார். அஸருக்குப் பின் திண்ணையில் உட்காருவார். ஒரு நாள் நான் சேகரித்த குறிப்புகளை எடுத்துப்போய் அவரிடம் வாசித்துக் காட்டினேன். விமானி ரோடரிக் ஹில் இந்தத் தபால் வழியைப் பற்றி 1929இல் ஒரு புத்தகமே எழுதினார் என்று சொன்னேன். மைட்லண்டைப் பற்றிச் சொன்னேன். நெய்ர்ன் சகோதரர்களின் பேருந்தைப் பற்றிச் சொன்னபோது, “எத்தனை டயர்?” என்று ஆர்வத்தோடு கேட்டார். ருத்பாக் கோட்டையில் இரு தரப்பாரும் ஒரே இடத்தில் பசியாறியதைக் கேட்டுச் சிரித்தார். கடைசியில், “அந்த டிராக்டரை ஓட்டினவர் பேர் என்ன?” என்றார்.

குறிப்பேட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். விமானிகளின் பெயர்களை எல்லாம் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்தேன். இதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

“பார்த்துச் சொல்றேன் காக்கா” என்றேன்.

“பார்த்துச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன என் தேநீரைச் சுட வைத்துக் கொண்டுவருமாறு உள்ளே குரல் கொடுத்தார்.